இடுப்பு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு வலியும் வீக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆபரேஷன் முடிந்த அம்மாவை சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீட்டில் வைத்துத்தான் தேற்றினோம். அதற்குப் பிறகு சொந்தபந்தம், புளோக்கில் பழகியவர்கள் என்று யாருக்கு இடுப்பு ஆபரேஷன் நடந்தாலும் எனக்குப் போன் வந்துவிடும். கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். டாக்டர், தாதி, பிசியோ என்று ஆளாளுக்குச் சொன்ன பதில்களோடு அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் டாக்டர் சொன்னது இதற்கு மாறாக இருந்தால் அவர் பேச்சைக் கேளுங்கள். உங்கள் எக்ஸ்ரேயைப் பார்த்தவர் அவர்தான்.

ஆபரேஷன் இடுப்பில்தானே? பாதம் வரை ஏன் வீங்குகிறது?

தேய்ந்துபோன தொடை எலும்பின் தலையை வெட்டி எடுத்துவிட்டு, எலும்பின் உள்ளே ஒரு தண்டை இறக்குகிறார்கள். இடுப்பெலும்பில் கிண்ணம் போன்ற ஒன்றைப் பொருத்துகிறார்கள். இத்தனை வேலை நடந்த எலும்பிலிருந்தும் தசையிலிருந்தும் தையல் போட்ட பிறகும் கொஞ்சம் இரத்தம் உள்ளுக்குள் கசியும். காயத்தை ஆற்ற உடம்பும் அந்த இடத்துக்கு நீரை அனுப்பும். அது அங்கேயே நிற்காது, கீழேதான் இறங்கும். தொடை, முழங்கால், கணுக்கால், கடைசியில் பாதம். கெண்டைக்கால் தசை வேலை செய்தால்தான் காலில் தேங்கிய இரத்தமும் நீரும் மேலே ஏறும். படுத்தே இருப்பவருக்கு அந்த வேலை சரியாக நடப்பதில்லை.

தொடையின் பின்பக்கம் கறுநீலமாகக் கன்றிப்போய், சில நாளில் அந்த நிறம் முழங்காலுக்குக் கீழே தெரிவதும் இதனால்தான். பிறகு பச்சையாகி மஞ்சளாகி மறையும். புதிதாக அடிபட்டதோ என்று பணிப்பெண்ணைக் கேள்விமேல் கேள்வி கேட்க வேண்டாம்.

பெண்களுக்கு ஒன்று: மெட்டி, கொலுசு இரண்டையும் ஆபரேஷனுக்கு முன்பே கழற்றிவிடுங்கள். ஆபரேஷன் அறைக்குள் எப்படியும் விடமாட்டார்கள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் ‘வெறும் காலாக இருக்கக்கூடாது’ என்று யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள். விரல் வீங்கியபின் மெட்டி சதைக்குள் பதிந்துவிட்டால் கழற்றுவது பெரும்பாடு. ஆண்கள் வீட்டில் கைலியோ தளர்ந்த அரைக்கால் சட்டையோ போட்டுக்கொள்ளலாம். தையல் மேல் இடுப்புப்பட்டை உரசக்கூடாது.

மருத்துவமனையில் இருந்ததைவிட வீட்டுக்கு வந்ததும் வீக்கம் கூடிவிட்டதே?

பெரும்பாலோருக்கு அப்படித்தான். வார்டில் பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்திருப்பீர்கள். வீட்டில் கழிப்பறை, சமையலறை, பார்க்க வந்தவர்களோடு பேச்சு என்று கால் தொங்கியபடி கழியும் நேரம் கூடுகிறது. முதல் ஒன்று இரண்டு வாரம் வீக்கம் நன்றாகவே தெரியும். அப்புறம் மெல்ல வடியும். சாயங்காலமானால் கொஞ்சம் வீங்குவது மூன்று மாதம் வரை இருக்கலாம், சிலருக்கு ஆறு மாதம்கூட.

நான் எல்லோருக்கும் சொல்வது, காலையில் எழுந்ததும் காலைப் பாருங்கள் என்பதுதான். முந்தின இரவு முழங்கால் எலும்பே தெரியாமல் வீங்கியிருந்த கால், காலையில் ஓரளவாவது வடிந்து தோல் சுருக்கம் தெரிந்தால் அது சாதாரண வீக்கம். இரவெல்லாம் உயர்த்தி வைத்தும் துளிகூடக் குறையாமல் விறைத்து நின்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். கண்ணளவில் நம்பிக்கை இல்லையென்றால் தொடையில் பேனாவால் ஒரு கோடு போட்டு, தினமும் காலையில் அதே இடத்தில் தையல் டேப்பால் அளந்து எழுதிவையுங்கள். டாக்டருக்கும் ‘ரொம்ப வீங்கியிருக்கு’ என்பதைவிட அந்தக் கணக்கு உதவும்.

காலை உயர்த்தித்தான் வைக்கிறோம், வடியவில்லையே?

எப்படி உயர்த்துகிறீர்கள் என்று கேட்டால், பாதிப் பேர் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து முன்னால் ஒரு முக்காலியில் காலைப் போடுகிறார்கள். வசந்தம் ஒளிவழியில் நாடகம் பார்க்க அது வசதி. வீக்கத்துக்கு அவ்வளவாக உதவாது. பாதம் நெஞ்சைவிட உயரத்தில் இருந்தால்தான் நீர் இறங்கும்.

மல்லாந்து படுங்கள். கால் முழுவதற்கும் தலையணை கொடுங்கள், கெண்டைக்காலுக்கு இரண்டு, பாதத்தின் பக்கம் இன்னொன்று என்று சரிவாக ஏறிப்போக வேண்டும். குதிகால் மட்டும் தலையணை விளிம்புக்கு வெளியே அந்தரத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் அங்கே புண் வரும். முழங்காலுக்கு அடியில் மட்டும் ஒரு தலையணையைச் சுருட்டி வைத்து மணிக்கணக்கில் படுக்காதீர்கள். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் இடுப்பும் முழங்காலும் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். ஒரு தடவைக்கு அரைமணி நேரம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. அந்த நேரத்தில் பாதத்தை மேலும் கீழுமாக மெதுவாக அசைத்துக்கொண்டே இருங்கள். பிசியோ சொல்லித் தரும் பயிற்சிகளில் ஆக எளியது இதுதான், மறந்துபோவதும் இதைத்தான்.

ஐஸ் வைப்பதா, வெந்நீர் ஒத்தடமா?

ஆரம்ப வாரங்களில் ஐஸ்தான். சூடு இரத்தக் குழாய்களை விரித்து வீக்கத்தைக் கூட்டும். நம் ஊர் வெக்கையே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. மத்தியானத்தில் காற்றாடியோ ஏர்கானோ இல்லாத அறையில் படுத்தால் கால் கனப்பது உங்களுக்கே தெரியும்.

ஃபேர்பிரைஸில் விற்கும் உறைந்த பட்டாணிப் பாக்கெட் போதும், இடுப்பின் வளைவுக்கு நன்றாகப் படியும். மெல்லிய துண்டில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். தோலில் நேராக வைக்காதீர்கள். கட்டு நனையக்கூடாது. இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மறுபடி வைக்கலாம். நடைப்பயிற்சி முடித்த கையோடு வைத்தால் பலன் கூடுதல்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் ஐஸ் தோலைச் சுட்டாலும் தெரியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப் பாருங்கள். பாதத்தில் வைக்கவே வேண்டாம்.

கோடாலித் தைலம் தேய்க்கலாமா? எண்ணெய் போட்டு உருவிவிட்டால் நீர் இறங்கிவிடும் என்கிறார்களே?

தலைவலிக்கு நெற்றியில் தேய்த்துக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை. தையலுக்குப் பக்கத்தில் தைலமும் வேண்டாம், நல்லெண்ணெயும் வேண்டாம், மஞ்சள் பற்றும் வேண்டாம்.

உருவுவது அதைவிட ஆபத்து. காலின் ஆழத்தில் இரத்தம் உறைந்து கட்டியாக இருந்தால், அழுத்தி உருவும்போது அது பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போகலாம். வெளியிலிருந்து பார்த்து கட்டி இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. எத்தனை அனுபவமுள்ள கையாக இருந்தாலும் சரி, முதல் சில மாதங்களுக்குக் காலை அழுத்திப் பிடிக்க விடாதீர்கள். பின்னாளில் தழும்பைச் சுற்றி மெதுவாகத் தேய்க்கலாம் என்று பிசியோவே சொல்லித் தருவார்.

இத்தனை மாத்திரை சாப்பிட்டால் கிட்னி போய்விடாதா? வலியைப் பொறுத்துக்கொண்டால் என்ன?

இந்தக் கேள்வி பெரும்பாலும் அப்பாக்களிடமிருந்து வரும். ‘எனக்கு வலியே இல்லை’ என்று சொல்லிவிட்டு நாள் முழுக்க அசையாமல் படுத்திருப்பார்கள். அசையாத கால் வீங்கும், மூட்டு இறுகும், இரத்தம் உறையும். நெஞ்சில் சளி கட்டும். மாத்திரையின் வேலை உங்களை எழுப்பி நடக்க வைப்பது. வலி முற்றிய பிறகு போட்டால் அடங்க நேரமாகும். முதல் ஒன்று இரண்டு வாரம் எழுதிக்கொடுத்தபடி மணி பார்த்துப் போடுவதும், பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன்னால் ஒன்று விழுங்கியிருப்பதும்தான் சரி. பிறகு ஒவ்வொன்றாகக் குறைப்பார்கள்.

பனடால் என்று நாம் சொல்லும் பாராசிட்டமால்தான் அடிப்படை. 500 மில்லிகிராம் மாத்திரையில் இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு எட்டு மாத்திரை, அதாவது 4 கிராம், அதுதான் உச்சவரம்பு. கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் ஒல்லியான முதியவர்களுக்கும் அதைவிடக் குறைவாகக் கொடுப்பார்கள். கிளினிக்கில் தசைப்பிடிப்புக்குத் தரும் அனாரெக்ஸிலும் பாராசிட்டமால் இருக்கிறது. சளி, காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றிலும் இருக்கிறது. பெயர் வேறு என்பதால் இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொள்பவர்கள் நிறைய, பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

கிட்னிக் கவலை நியாயமானதுதான், ஆனால் அது வேறு வகை மாத்திரையைப் பற்றியது. செலிகாக்சிப், எட்டோரிகாக்சிப், ஐபுபுரூஃபன் போன்றவை வீக்கத்துக்கும் வலிக்கும் நன்றாகக் கேட்கும். ஆனால் சிறுநீரகம், இரத்த அழுத்தம், இதயம், வயிற்றுப்புண் இவற்றில் கோளாறு இருந்தால் ஒத்துக்கொள்ளாது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கும்போது இவற்றையும் சேர்த்தால் இரத்தக்கசிவு அபாயம் கூடும். பழைய முழங்கால் வலிக்கு வாங்கி அலமாரியில் மிச்சம் இருக்கும் ஆர்காக்சியாவை (எட்டோரிகாக்சிப்தான் அது) நீங்களாக எடுத்துப் போட வேண்டாம்.

டிராமடால், ஆக்சிகோடோன் போன்றவை பலமானவை, குறுகிய நாட்களுக்கு மட்டும் தருவார்கள். தலை சுற்றும், குமட்டும், தூக்கம் தள்ளும். இரவில் கழிப்பறைக்கு எழுந்தால் கூட ஒருவர் போங்கள். அந்த நாட்களில் கார் ஓட்டக்கூடாது.

மலச்சிக்கல்?

பலமான வலி மாத்திரைகளின் கூலி. முக்கினால் இடுப்பும் வலிக்கும். மருத்துவமனையிலிருந்து லாக்டுலோஸ், சென்னா இப்படி ஏதாவது கொடுத்து அனுப்பியிருந்தால் முதல் நாளிலிருந்தே எடுங்கள். தண்ணீர், பப்பாளி, கீரை. மூன்று நாளாகப் போகவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பகலில் சமாளிக்கிறேன், இரவில்தான் உயிர் போகிறது. ஏன்?

பகலெல்லாம் அசைந்த களைப்பு, சேர்ந்த வீக்கம். கூடவே கவனத்தைத் திருப்ப ஒன்றும் இல்லாத இருட்டு. கடைசி வேளை மாத்திரையைத் தூங்கும் நேரத்துக்குப் பொருத்திக்கொள்ள முடியுமா என்று டாக்டரைக் கேளுங்கள். படுப்பதற்கு முன் ஐஸ், கொஞ்ச நேரம் கால் உயர்த்தல். ஒருக்களித்துப் படுக்கலாம் என்று அனுமதி கிடைத்தபின் ஆபரேஷன் ஆகாத பக்கமாகத் திரும்பி, இரண்டு கால்களுக்கும் நடுவே தடித்த தலையணை ஒன்றைத் தொடையிலிருந்து கணுக்கால் வரை வையுங்கள். மேல் கால் நழுவிக் கீழே விழக்கூடாது. வீட்டில் நீளமான உருளைத் தலையணை (போல்ஸ்டர்) இருந்தால் அது சாதாரணத் தலையணையைவிட நன்றாக நிற்கும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நடக்கலாம்?

ஒரே மூச்சில் நடப்பதைவிட, வீட்டு வாசல் தாழ்வாரத்தில் லிஃப்ட் வரை போய்வருவதை நாலைந்து தடவையாகப் பிரித்துச் செய்யலாம். மறுநாள் காலையில் கால் பதில் சொல்லும். முந்தின நாளைவிட வீக்கமும் வலியும் நன்றாகக் கூடியிருந்தால் நேற்று அதிகம், இன்று பாதியாகக் குறையுங்கள். படுத்துவிட வேண்டாம். பழையபடியே இருந்தால் கொஞ்சம் கூட்டலாம்.

நடப்பதைவிட நிற்பதுதான் வீக்கத்துக்கு எதிரி. தேக்கா சந்தையில் மீன்கடை முன்னால் வரிசையில் நிற்பதும், அடுப்படியில் நின்று ஒரு மணி நேரம் சமைப்பதும் மூன்று சுற்று நடையைவிட மோசம். கைத்தடி, ஆபரேஷன் ஆன காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில்.

எப்போது பயப்பட வேண்டும்?

மற்றதை மறந்தாலும் இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள், பணிப்பெண்ணுக்கும் சேர்த்து.

இடுப்பு மாற்று சிகிச்சைக்குப் பிறகு காலின் ஆழத்தில் உள்ள இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் அபாயம் சில வாரங்கள் நீடிக்கும். அதற்காகத்தான் ஆஸ்பிரினோ, ரிவராக்சபான் போன்ற மாத்திரையோ, வயிற்றில் போடும் ஊசியோ சில வாரங்களுக்குத் தருகிறார்கள். சிலருக்கு 35 நாள் வரை போகும். ‘நடக்கத் தொடங்கிவிட்டேனே’ என்று நடுவில் நிறுத்தாதீர்கள். ஊசி போட்ட இடத்தில் வயிறு கன்றிப்போவது சகஜம்.

கெண்டைக்காலில் புதிதாக வலி, தொட்டால் சூடு, சிவப்பு, ஒரு காலில் மட்டும் திடீரென்று கூடிய வீக்கம்: இவை இருந்தால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஸ்கேன் எடுத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். பாதத்தை மடக்கிப் பார்த்து வீட்டிலேயே முடிவு கட்ட வேண்டாம். திடீர் மூச்சுத்திணறல், மூச்சிழுத்தால் நெஞ்சில் குத்தல், இருமலில் இரத்தம், மயக்கம் என்றால் 995. டாக்சியோ கிராபோ தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். அவசரமில்லாத ஆம்புலன்ஸுக்குத்தான் 1777.

காயத்தைச் சுற்றிச் சிவப்பு நாளுக்கு நாள் பரவுவது, காய்ந்த காயம் மறுபடி கசிவது, சீழ், 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நடுக்கம் எல்லாம் கிருமித்தொற்றாக இருக்கலாம். ஆபரேஷன் செய்த மருத்துவமனையைத் தொடர்புகொள்ளுங்கள். மிச்சம் இருக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துவிட்டுப் போனால், எந்தக் கிருமி என்று பரிசோதனையில் கண்டுபிடிப்பது கஷ்டமாகிவிடும்.

இன்னொன்று: குனியும்போதோ திரும்பும்போதோ ‘டக்’ என்று ஏதோ நழுவி, தாங்கமுடியாத வலி, ஊன்ற முடியாமை, கால் குட்டையாகத் திரும்பிக் கிடப்பது. மூட்டு விலகியிருக்கலாம். இழுத்து நேராக்கப் பார்க்காமல், சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காமல் 995ஐ அழையுங்கள்.

என்ன பத்தியம்?

காயம் ஆற உடம்புக்குப் புரதம் வேண்டும். நம் வீடுகளில் முதலில் நிறுத்துவதே அதைத்தான்: முட்டை சூடு, மீன் கரப்பான், பருப்பு வாயு. மூன்றையும் நிறுத்திவிட்டு ரசம் சோறு மட்டும் கொடுத்தால் தையல் எப்படி ஆறும்? முட்டை, மீன், கோழி, பருப்பு, தவ்கூ (டோஃபு), தயிர் எது ஒத்துக்கொள்ளுமோ அது. சுறாப்புட்டு செய்பவர்கள் தாராளமாகச் செய்யுங்கள். ஏற்கெனவே சிறுநீரகப் பிரச்சினைக்காகப் புரதம் குறைத்தவர்கள் மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குறைக்க வேண்டியது உப்பு. ஊறுகாய், கருவாடு, அப்பளம், இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் பொடி. சமையலில் போடும் மஞ்சள், பூண்டு, இஞ்சியால் ஒன்றும் இல்லை. அவற்றையே மாத்திரையாகவும் சாறாகவும் அதிகமாக எடுத்தால் இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்தோடு மோதலாம், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

தரையில் எப்போது உட்காரலாம்?

பின்பக்கமாகத் திறந்து செய்த ஆபரேஷன் என்றால், இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக்கூடாது, கால்மேல் கால் போடக்கூடாது, காலை உள்பக்கம் திருப்பக்கூடாது என்பார்கள். பொதுவாக முதல் சில வாரங்களுக்கு. முன்பக்கமாகச் செய்தவர்களுக்கு விதி வேறு. எந்தப் பக்கம் என்று கேட்டு வையுங்கள். சம்மணம் போடுவது, குந்தியிருப்பது இரண்டையும் டாக்டர் வெளிப்படையாகச் சரி என்று சொல்லும்வரை விட்டுவிடுங்கள். கோயிலில் நாற்காலி கேட்டால் தருவார்கள். தொழுகையை நாற்காலியில் செய்யலாம்.

நாற்காலிக்குக் கைப்பிடி வேண்டும், உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். காப்பிக்கடை பிளாஸ்டிக் ஸ்டூல் இரண்டு விதத்திலும் ஆகாது. கழிப்பறைக்கு உயர்த்திய இருக்கை வாங்கிவிடுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு என்றால், மூத்தோருக்கான ஈஸ் (EASE) திட்டத்தில் கைப்பிடிக் கம்பிகளும் குளியலறைத் தரை வழுக்காமலிருக்க ஏற்பாடும் மானியத்தோடு கிடைக்கும், ஆபரேஷன் தேதிக்கு முன்பே விண்ணப்பியுங்கள். நடைச்சட்டம் போன்ற சாதனங்களுக்கு மூத்தோர் மானியம் உண்டா என்று வார்டிலேயே கேட்கலாம்.

ஒரு கால் நீளமாகிவிட்டது போல இருக்கிறதே?

ஆரம்பத்தில் பலருக்குத் தோன்றும். பல வருடம் நொண்டிப் பழகிய தசைகள் இறுகியிருப்பதும், வீக்கமும் காரணம். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். அதற்குள் செருப்பில் அட்டை வைக்காதீர்கள். தழும்பைச் சுற்றி மரத்துப்போயிருப்பதும் சகஜம்.

மூன்று மாதம் ஆகியும் வலிக்கிறது. ஆபரேஷன் சரியில்லையா?

பழைய வலியா, புதிய வலியா என்று முதலில் பிரியுங்கள். கவட்டைக்குள் குடைந்த பழைய தேய்மான வலி பெரும்பாலோருக்குச் சீக்கிரமே போய்விடும். இப்போது இருப்பது உட்கார்ந்து எழும் முதல் சில அடிகளில் தொடையில் வரும் பிடிப்பா? பக்கவாட்டில் படுத்தால் வலிக்கிறதா? பெரும்பாலும் தசை இன்னும் பலமடையாததுதான், பயிற்சியை விட்டவர்களிடம் அதிகம் பார்க்கிறேன்.

குறைந்துகொண்டே வந்த வலி மறுபடி கூடுவது, ஓய்விலும் இரவிலும் வலிப்பது, ஊன்றவே முடியாமல் போவது வேறு. அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் தேதியை முன்னால் கொண்டுவரச் சொல்லுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகலாமா?

முதல் ஆறு வாரத்துக்குள் விமானம் என்றால் டாக்டர் தயங்குவார். எப்போது போகலாம் என்பதை அவரே சொல்லட்டும், டிக்கெட்டை அதற்குப் பிறகு வாங்குங்கள். சென்னைக்கு நாலு மணி நேரம்தான், ஆனால் சாங்கியில் காத்திருப்பு, அங்கிருந்து மதுரைக்கோ தஞ்சாவூருக்கோ காரில் ஆறேழு மணி நேரம் என்று கூட்டிப் பாருங்கள். வீக்கம் வருவது அந்தக் காரில்தான். நடைபாதை ஓர இருக்கை, மணிக்கொருமுறை எழுந்து நடை, இடைவிடாமல் பாதம் அசைத்தல். காரில் ஒன்றரை மணிக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். அழுத்தக் காலுறை தந்திருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், மேல்விளிம்பு சுருண்டு கயிறு போல இறுக்காமல் பார்க்க வேண்டும். விமான நிலையத்தில் கருவி கூவும், உலோக மூட்டு என்று சொன்னால் கையால் சோதித்து விட்டுவிடுவார்கள். சொந்தக்காரர் வீட்டுக் கழிப்பறை எப்படி என்று புறப்படும் முன்பே போன் செய்து கேளுங்கள். குந்தும் வகை என்றால் ஒரு கழிப்பறை நாற்காலிக்கு அங்கேயே ஏற்பாடு செய்யச் சொல்லிவிடலாம்.